சென்டிமீட்டர்

தளிப் பக்கத்துக் குளிர் தரையிலிருந்து ஏறுகிற ஒன்பது மணி.
அங்கன்வாடிக் கதவைத் திறந்ததும்
மாவு மூட்டையில் எறும்பைத் தட்டுவேன்,
பிறகு தராசு முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுத்து வருவேன்.

வேலைக்குப் போகிற வழியில் வந்தாள் முனிரத்னா.
இடுப்பில் லிகித். இருபது மாதம்.
பிள்ளை அழவில்லை.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
ஊசி குத்தினாலும் அழாத பிள்ளையை
நல்ல பிள்ளை என்கிறது ஊர்.

இடது கை. தோளுக்கும் முட்டிக்கும் நடுவே
நாடாவைச் சுற்றி இழுத்தேன்.
ஜன்னல் மாதிரி ஒரு சின்னத் துளை,
அதில் எண் தெரியும், நிறம் தெரியும்.
பதினொன்று புள்ளி இரண்டு.
சிவப்பு.

அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.
பசுமைக்குடிலில் ஆறு வருஷமாய்
ரோஜாத் தண்டை அளந்து பிரிக்கிறவள்.
எழுபது சென்டிமீட்டர் விமானத்துக்கு,
ஐம்பது பெங்களூருக்கு,
நாற்பதுக்குக் கீழே என்றால்
மேஸ்திரி திரும்பி நிற்கும்போது அவள் கொண்டைக்கு.
"ரிஜெக்ட்டா டீச்சர்?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.
வாய் வரவில்லை.

என்ன சாப்பிடுகிறான்?
காலையில் டீயில் பன். மத்தியானம் பெரியவள் ஊட்டுவாள்.
பெரியவளுக்கு ஆறு வயது.
ராத்திரி?
தூங்கிடுவான் டீச்சர், நான் வர எட்டாகும்.
மாவு பாக்கெட் கொடுத்தேனே?
சுவரில் ஒட்டிய காய்கறிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு சொன்னாள்:
எல்லாருமே கரைச்சுக் குடிச்சுட்டோம்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பதினான்கு நாள் என்றேன்.
"பிப்ரவரி டீச்சர்" என்றாள்.
இங்கே பிப்ரவரி என்றால் காதல் இல்லை, ஓவர்டைம்.
வெட்டிய பூ குளிர் அறையில் நிற்கும்.
அதன் வாளியில் சர்க்கரையும் மருந்தும் கலந்த தண்ணீர்,
நேரம் தவறாமல் மாற்றுவார்கள்.
வாடக் கூடாது பாருங்கள்.

மேஸ்திரியிடம் நானே போனேன்.
கெஞ்சினேனா, கத்தினேனா, இரண்டும்தான்.
ஆள் மாத்திக்குவேன் மேடம், என் கையில் இல்ல, என்றான்.
அவன் கையில் ஒரு அளவுகோல் இருந்தது.
அன்றைக்கே பெரியவளை என் வீட்டில் படுக்க வைத்து
அவர்களைப் பஸ் ஏற்றினேன்.

இரண்டு மணிக்கு ஒரு தரம் பால்,
அளவுக் கோப்பையில், ராத்திரியும்.
முதல் நாள் கக்கினான். இரண்டாம் நாளும்.
நான்காம் நாள் விடிகாலை போன்.
"டீச்சர், கேளுங்க" என்று
எதன் பக்கமோ நீட்டினாள்.
வீல் என்று ஒரு அழுகை.
போனைக் காதோடு அழுத்திக்கொண்டு
அடுப்பில் பொங்குகிற பாலை அப்படியே விட்டேன்.

திரும்பி வந்தபோது பதினொன்று புள்ளி ஏழு.
மஞ்சள்.
ஐந்து மில்லிமீட்டர்.
ஒரு ரோஜாவுக்கு அது கணக்கிலேயே வராது.

மேசையில் அவள் இடத்தில் வேறு பெண் நிற்கிறாளாம்.
இவளைக் களை எடுக்க விட்டிருக்கிறார்கள்,
நாளைக்கு ஐம்பது ரூபாய் குறைச்சல்.
அதைச் சொல்லிக்கொண்டே
நாடாவை எடுத்துத் தன் கையில் சுற்றினாள்,
விளையாட்டுக்கு.
"பச்சை டீச்சர்!"

அவள் சிரித்தாள். நான் எண்ணைப் பார்த்தேன்.
இருபதுகூட இல்லை.
அந்த நாடா ஐந்து வயதுவரைதான் உண்மை பேசும்.
என் பதிவேட்டில் அவளுக்குக் கட்டம் கிடையாது.
கர்ப்பமாக இருந்தபோது இருந்தது,
பால் கொடுத்த ஆறு மாதம் இருந்தது.

உட்கார் என்றேன்.
புதன்கிழமை. எண்ணித் தந்த முட்டை
பின்னால் வெந்துகொண்டிருக்கிறது.
இன்றைக்குக் கணக்கில்
ஒரு முட்டை உடைந்துபோயிருக்கும்.